பென்ரின் கோட்டை: சுவரும் கணக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையில், பாங்கர் நகரை ஒட்டி, கடலுக்கும் ஸ்னோடோனியா மலைகளுக்கும் நடுவே நிற்கும் பென்ரின் கோட்டை அது. வானுயர்ந்த கோபுரம், கொத்தளம், ஞாயில், அடுக்கடுக்காக வளைந்த வாயில் என்று ஒரு கோட்டைக்கு வேண்டியது எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் அதன் வாயிலில் எந்தப் படையும் வந்து நின்றதில்லை. 1820-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1830-களின் இறுதியில் முடித்த செல்வர் வீடு அது. இங்கிலாந்தில் நீராவி இரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டுகளில், எழுநூறு ஆண்டு முந்திய நார்மன் பாணியில் கல்லின் மேல் கல் வைத்து எழுப்பினார்கள்.

இத்தகைய வீடுகளைப் போலிக்கோட்டை என்று சொல்லிவிட்டுக் கட்டடக்கலை வரலாறு நீண்ட காலம் கடந்து போனது. ரசனைக் குறைபாடு, பணக்காரர் விளையாட்டு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த மதிப்பீடு போதாது என்பதுதான் என் வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவர் பழமையைக் கல்லில் செய்து தருவிக்கும்போது, அந்தப் பழமைக்கு ஒரு வேலை இருந்தது. ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதே அந்த வேலை. நேற்று வந்த செல்வத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். எழுநூறு ஆண்டாக இருப்பது போல் தோன்றும் செல்வத்துக்குக் கேட்க மாட்டார்கள். பென்ரினின் ஏற்றமும் இறக்கமும் இந்தக் கேள்வி எப்போதெல்லாம் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது என்பதைப் பொறுத்தே நடந்திருக்கின்றன. கல் அன்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. கணக்குப் புத்தகம் கைமாறியிருக்கிறது. அதைச் சில பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. பழைய வீடும் புதிய பழமையும்

அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு பழைய வீடு இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் வெல்ஷ் குடும்பம் ஒன்று அரண் அமைத்துக் கட்டிக்கொண்ட மாளிகை. 1780-களில் சாமுவேல் வயட் என்ற கட்டடக் கலைஞர் அப்போதைய உரிமையாளர் ரிச்சர்ட் பென்னன்ட்டுக்காக அதை மாற்றிக் கட்டினார். அடுத்த தலைமுறையில் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் பென்னன்ட் அழைத்து வந்த தாமஸ் ஹாப்பர், அதையும் ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கும்படி புதிய கோட்டையை எழுப்பினார். பழைய வீட்டின் திருகு படிக்கட்டும், வளைகூரை போட்ட நிலவறையும் புதிய கட்டடத்தின் வயிற்றுக்குள் எங்கோ கிடக்கின்றன. உண்மையான பழமை கையருகே இருந்தும் உரிமையாளருக்கு அது போதவில்லை. அளவில் சிறியது, உள்ளூர்த்தன்மை கொண்டது. அவருக்கு வேண்டியிருந்த பழமை வேறு.

எந்தப் பழமையைத் தேர்ந்தார் என்பதைப் பாருங்கள். அந்தக் கரையோரம் முழுக்க உண்மைக் கோட்டைகள் நிற்கின்றன. கான்வி, கார்னார்வன், பியூமாரிஸ் மூன்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் எட்வர்ட் வேல்ஸை அடக்கியபோது கட்டத் தொடங்கியவை. ஹாப்பர் அவற்றைப் பின்பற்றவில்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெடிங்ஹாம் கோட்டையின் கோபுரத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு நான்கு அடுக்குக் கோபுரம் எழுப்பினார். எட்வர்டின் கோட்டைகளையும்விட ஒன்றரை நூற்றாண்டு மூத்த தோற்றம் பென்ரினுக்கு வாய்த்தது. ஆள வந்தவர்களிலேயே மூத்தவர் நாங்கள் என்று அந்தக் கோபுரம் சொல்கிறது. அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில் கோஸ்ஃபர்ட் கோட்டையை நார்மன் பாணியில் வடிவமைத்தவரும் இதே ஹாப்பர்தான். நிலத்துக்கு உரியவர்கள் ஒரு மொழி பேச, நிலத்தை ஆள்பவர்கள் வேறு மொழி பேசிய இரண்டு நாடுகளில் இந்தப் பாணி வேரூன்றியதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உள்ளே போனால் வேலைப்பாட்டின் அளவு திகைக்க வைக்கும். பெருங்கூடம் ஒரு பேராலயத்தின் நடுக்கூடம் போல உயர்ந்து நிற்கிறது. அதைக் கடந்தால் வரும் பெரிய படிக்கட்டு சாம்பல் நிறக் கல்லால் ஆனது. தூண் தலைகளில் முகங்கள், வளைவுகளில் பின்னல்கள், கொடிகள், முடிச்சுகள். கை வைக்கும் இடமெல்லாம் உளி பட்டிருக்கிறது. கட்டி முடிக்கப் பத்தாண்டு பிடித்தது என்பார்கள். நாற்காலி, மேசை வரை ஹாப்பரே வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சரும் கல்தச்சரும் அவற்றைச் செய்தார்கள். நான் கலை வரலாற்றுக்காரன் என்ற முறையில் சொல்ல வேண்டும்: போலி என்று ஒதுக்கிவிடக்கூடிய வேலை இல்லை இது. அந்தக் கல்தச்சர்களின் கைத்திறனுக்கு முன் மரியாதையோடு நிற்க வேண்டியிருக்கிறது. சுவர் மட்டும் வேறு கதை சொல்கிறது. வெளியே செதுக்கிய சுண்ணாம்புக்கல் போர்வை, உட்புறம் செங்கல். பகைவரின் கவண்கல்லைத் தாங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

2. சர்க்கரையும் சிலேட்டும்

இனி கணக்குக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன்.

பென்னன்ட் குடும்பம் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜமைக்காவில் நிலம் பிடித்துவிட்டது. கிஃபர்ட் பென்னன்ட் என்பவர் தொடங்கியது. கிளாரண்டன் பகுதியில் கரும்புத் தோட்டங்களாக விரிந்தது. அவற்றில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். அந்தத் தோட்டங்களின் வாரிசான ரிச்சர்ட் பென்னன்ட், பென்ரின் சொத்தில் பங்கு இருந்த ஆன் சூசன்னா வார்பர்டனை மணந்தார். திருமணத்தில் ஒரு பங்கு வந்தது. மற்றது விலைக்கு வந்தது. 1783-இல் அயர்லாந்தின் பிரபுப் பட்டமும் கிடைத்து, பென்ரின் பிரபு ஆனார்.

அவர் லிவர்பூலின் நாடாளுமன்ற உறுப்பினர். அடிமை வணிகத் துறைமுகமான லிவர்பூலின் குரல். 1789-இல் அடிமை வணிக ஒழிப்பு அவைக்கு வந்தபோது அதை எதிர்த்துப் பேசியவர்களில் முன்வரிசையில் இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் சொத்துமேல் ஏழு கோடி பவுண்டு அடமானக் கடன் நிற்கிறது, ஒழிப்புக்கு வாக்களித்தால் அதன்மேல் கைவைப்பதாகும் என்பது அவர் வாதம். ஜமைக்கா தோட்ட முகவர்களோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து பாங்கர் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அடிமைகளையும் மாடுகளையும் அளவுக்கு மீறி வேலை வாங்க வேண்டாம் என்ற கருத்தில் அவர் எழுதியதுண்டு. மேலோட்டமாகப் படித்தால் இரக்கம் போலத் தெரியும். மனிதரும் மாடும் ஒரே வாக்கியத்தில், ஒரே கவலையின் கீழ், தேய்ந்துவிடக் கூடாத முதலாக நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தால் அந்தக் கடிதத்தைக் கீழே வைப்பது கடினம்.

கரும்பில் வந்த வருமானம் வேல்ஸில் என்ன செய்தது? 1782 முதல் ரிச்சர்ட் பென்னன்ட் மலையில் சிதறலாக நடந்துவந்த சிலேட்டுக் கல் வெட்டும் வேலையைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பெத்தெஸ்டா ஊருக்கு மேலே இன்றும் இருக்கும் பென்ரின் குவாரி அது. அங்கிருந்து சாலை போட்டார். கடற்கரையில் பென்ரின் துறைமுகம் எழுந்தது. 1801-இல் குவாரிக்கும் துறைமுகத்துக்கும் குதிரை இழுக்கும் தண்டவாளப் பாதை வந்தது. தொழிற்புரட்சியின் நகரங்களுக்குக் கூரை வேண்டியிருந்தது, பென்ரின் கொடுத்தது. 1831-இல் சிலேட்டு மீதான தீர்வை நீங்கியதும் வணிகம் மேலும் பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் மிகப் பெரிய சிலேட்டுக் குவாரி அதுதான்: ஏறத்தாழ ஒரு மைல் நீளம், 1,200 அடி ஆழம், மூவாயிரத்துக்கு அருகில் தொழிலாளர்கள்.

கூரைச் சிலேட்டின் அளவுகளுக்கு இந்தத் தொழிலில் வழங்கிய பெயர்களை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மிகப் பெரியது குவீன். அடுத்து டச்சஸ், அதற்குச் சிறியது கவுண்டஸ், அதிலும் சிறியது லேடி. அரண்மனையின் படிவரிசை அப்படியே கல்லில் இறங்கியிருக்கிறது. மலையில் தொங்கிக்கொண்டு கல் பிளந்தவர் தினமும் எண்ணி அடுக்கியது இந்தச் சீமாட்டிகளைத்தான்.

இந்தக் கட்டத்தில்தான் கோட்டை வருகிறது. 1808-இல் ரிச்சர்ட் பென்னன்ட் குழந்தையின்றி இறந்தார். சொத்து அவருடைய உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸுக்கு வந்தது; அவர் பென்னன்ட் பெயரையும் சேர்த்துக்கொண்டார். கோட்டைக்கு ஏறத்தாழ 1,50,000 பவுண்டு செலவானதாக ஒரு மதிப்பீடு உண்டு. மரம் சொந்தக் காட்டிலிருந்தும் ஆட்களில் பெரும்பகுதி சொந்தக் குவாரியிலிருந்தும் வந்ததால் சரியான தொகையைக் கணக்கிடுவது கடினம்.

கோட்டை எழுந்துகொண்டிருக்கும்போதே, 1833-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்தது. 2 கோடி பவுண்டு இழப்பீடாக ஒதுக்கியது. இழப்பீடு உரிமையாளர்களுக்கு. டாக்கின்ஸ் பென்னன்ட் பெற்றது 14,683 பவுண்டு 17 ஷில்லிங் 2 பென்ஸ், 764 மனிதர்களுக்காக. தலைக்கு 19 பவுண்டுக்குச் சற்று மேல். அந்த 764 பேருக்கு ஒரு பென்ஸும் இல்லை. பயிற்சிக் காலம் என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தது. அரசு இந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி அடைபட்டது 2015-இல்.

ஒரு வரம்பைச் சொல்லிவிடுவது என் கடமை. இந்தப் பதினாலாயிரம் பவுண்டுதான் கோட்டையைக் கட்டியது என்று சிலர் மேடையில் பேசுவதுண்டு. தொகையை வைத்துப் பார்த்தால் அது கோட்டைச் செலவில் பத்தில் ஒரு பங்குதான். அதுவும் கட்டுமானம் பாதி கடந்த பிறகு வந்தது. உண்மை அதைவிடக் கனமானது. இழப்பீடு வருவதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்பிருந்தே வந்த கரும்பு வருமானம்தான் நிலம் ஆனது, சாலையும் துறைமுகமும் ஆனது, குவாரிக்கு முதலீடு ஆனது. குவாரி கோட்டையைக் கட்டியது. கிளாரண்டனில் கரும்பு வெட்டியவரையும் பெத்தெஸ்டாவில் கல் பிளந்தவரையும் ஒரே பேரேட்டில் வைத்துப் படித்தால்தான் பென்ரின் புரியும். நம் ஊர் ஆய்வாளர்களுக்கு அந்தப் பேரேட்டில் மேலும் ஒரு பக்கம் உண்டு. அடிமைகள் விடுதலையான பின் ஜமைக்காவின் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள்.

3. அரசிக்குச் செய்த கட்டில்

1859-இல் விக்டோரியா அரசி பென்ரினில் வந்து தங்கினார். அது குடும்பத்தின் உச்சக்கட்டம். டாக்கின்ஸ் பென்னன்ட்டின் மருமகன் எட்வர்ட் கார்டன் டக்ளஸ் பென்னன்ட் அப்போது உரிமையாளர். டச்சு, இத்தாலிய ஓவியங்களைத் தேடி வாங்கிச் சுவர்களை நிறைத்தவர். 1866-இல் அவருக்குப் பிரபுப் பட்டம் மீண்டும் வந்தது.

கோட்டையில் சிலேட்டால் செய்த கட்டில் ஒன்று இருக்கிறது. எடை ஒரு டன் அளவு. தலைப்பக்கம், கால்பக்கம், சட்டம் எல்லாம் கருஞ்சாம்பல் கல். அதில் செதுக்கு வேலை. அரசிக்காகச் செய்தது என்றும், கல்லறையை நினைவூட்டியதால் அவர் அதில் உறங்க மறுத்துவிட்டார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். அரசி உறங்கினாரா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மற்ற எல்லா அறையிலும் பணத்தின் ஊற்று மறைந்திருக்க, இந்த ஒரு பொருளில் அது வெளியே வந்து நிற்கிறது. சிலேட்டைக் காட்டிக்கொள்வதில் குடும்பத்துக்குப் பெருமை இருந்தது. சர்க்கரையில் அந்தப் பெருமை இல்லை. ஜமைக்காவுக்காக அங்கே எந்தக் கட்டிலும் செய்யவில்லை.

4. மூன்றாண்டுப் போராட்டம்

கேள்வி முதன்முதலில் சுவரைத் தாண்டியது குவாரியிலிருந்து.

குவாரியில் வேலை நடந்த முறையைச் சொன்னால்தான் சண்டை புரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்த குழு ஒன்று மலைமுகத்தில் சில கஜ அகலத்தை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளும். பாறை வெட்டுபவர் ஒருவர் இருவர், சிலேட்டாகப் பிளப்பவர், அளவாக நறுக்குபவர். மாதத் தொடக்கத்தில் மேற்பார்வையாளர் வந்து பாறையைப் பார்ப்பார். நல்ல பாறை என்றால் விலை குறையும், மோசமான பாறை என்றால் கூடும். பேசி முடிப்பதற்குப் பேரம் என்றே பெயர். அன்று என்ன விலை படிந்தது என்பதில்தான் அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிவது இருந்தது. மேற்பார்வையாளரின் தயவு, சாதகம், பழி எல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சில் அடக்கம். இருந்தாலும் குவாரிக்காரர் தம்மைக் கூலி என்று நினைக்கவில்லை. கல்லைப் படிக்கத் தெரிந்த கைவினைஞர், பேரம் பேசும் உரிமை உள்ளவர் என்ற தன்மதிப்பு அவருக்கு இருந்தது. வெல்ஷ் மொழியில் பேசி, சொந்தத் தேவாலயம் கட்டி, பாடகர் குழு வைத்துக்கொண்ட சமூகம் அது. கோட்டைக்காரர்கள் ஆங்கிலம் பேசியவர்கள், வேறு திருச்சபையைச் சேர்ந்தவர்கள்.

1874-இல் வட வேல்ஸ் குவாரித் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு பென்ரின் நிர்வாகம் சங்கத்தின் குழுவோடு பேசும் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தது. 1885-இல் நிர்வாகத்தை ஏற்ற ஜார்ஜ் ஷோல்டோ, பின்னாளில் இரண்டாம் பென்ரின் பிரபு, அந்த உடன்படிக்கையை ரத்து செய்தார். என் குவாரியில் என் தொழிலாளியோடு நான் பேசுவேன், நடுவில் குழு எதற்கு என்பது அவர் நிலை. 1896 முதல் 1897 வரை பதினோரு மாதம் குவாரி மூடிக் கிடந்தது. அதன் பின் பெரிய ஒப்பந்தக்காரர்களை நடுவில் நுழைக்கும் போக்கு வளர்ந்தது. பேரம் பேசுபவர் கூலியாகிவிடுவார் என்ற அச்சம் வளர்ந்தது. 1900 நவம்பர் 22 அன்று ஏறத்தாழ 2,800 பேர் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

1901 ஜூனில் குவாரி திரும்பத் திறந்தபோது நானூறு பேரளவில் உள்ளே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கப் பவுன், ஐந்து சதவீத ஊதிய உயர்வு என்ற வாக்கு. அன்று முதல் பெத்தெஸ்டா இரண்டாகப் பிளந்தது. இவ்வீட்டில் துரோகி யாரும் இல்லை என்று வெல்ஷ் மொழியில் அச்சிட்ட அட்டையைப் போராடியவர்கள் ஜன்னலில் வைத்தார்கள். சிறிய அட்டை, ஆனால் தெரு முழுக்க அது இருக்கும்போது, அட்டை இல்லாத ஜன்னல் தானே பேசிவிடும். கருங்காலி என்று பெயர் வாங்கியவர் எந்தக் கடையில் வாங்குவது, எந்தத் தேவாலயத்தில் உட்காருவது என்பது வரை பிரிவினை போயிற்று. பாடகர் குழுக்கள் பிரிட்டன் முழுக்கச் சுற்றிப் பாடி நிதி திரட்டின. நூற்றுக்கணக்கான ஆண்கள் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. 1903 நவம்பரில் போராட்டம் முடிந்தது. வென்றது கோட்டை.

எழுநூறு ஆண்டுப் பழமை பேசிய அந்தச் சுவர் இந்த மூன்றாண்டில் உண்மையாகவே கோட்டைச் சுவர் ஆனது என்று எனக்குத் தோன்றும். பழமையை வேஷமாகப் போட்டுக்கொண்ட குடும்பத்தின் நான்காம் தலைமுறை அந்த வேஷத்தை நம்பிவிட்டது. ஒரு நார்மன் பிரபு தன் குடியானவரிடம் பேச மறுப்பதைப் போல ஒரு தொழில்முதலாளி தொழிற்சங்கத்திடம் பேச மறுத்தார். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. நின்றுபோன மூன்றாண்டில் வாங்குவோர் வெளிநாட்டுச் சிலேட்டுக்கும் ஓட்டுக்கும் பழகிவிட்டார்கள். கட்டட வேலையும் மந்தமானது. வட வேல்ஸ் சிலேட்டுத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கோட்டையின் பொருளாதார அடித்தளம் அந்த வெற்றியில்தான் சரியத் தொடங்கியது.

5. வரியும் இடிபாடும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் படங்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி வட வேல்ஸ் வந்தன. அவற்றில் ஒரு பகுதி, பெரிய படங்கள் உட்பட, பென்ரினில் இருந்தது. அகன்ற வாயில்களும் உயர்ந்த அறைகளும் முதன்முறையாகப் பொதுமக்களின் சொத்து ஒன்றுக்குக் காவல் நின்றன. 1941-இல் படங்கள் மானோட் சிலேட்டுக் குவாரியின் குகைக்குள் போய்விட்டன.

1949-இல் நான்காம் பிரபு வாரிசின்றி இறந்தார். பட்டம் தூரத்து உறவுக்குப் போனது. கோட்டையும் நிலமும் மருமகள் முறையான லேடி ஜேனட்டுக்கு வந்தன. இறப்பு வரி கழுத்தை நெரித்தது. 1951-இல் கோட்டையையும் ஏறக்குறைய 40,000 ஏக்கர் நிலத்தையும் வரிக்கு ஈடாகக் கருவூலம் ஏற்றுக்கொண்டு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. இறப்பு வரியைப் பிரபுக்களின் வீடுகளை அழித்த கொடுமையாகப் புலம்பும் எழுத்து பிரிட்டனில் ஏராளம். பென்ரினைப் பொறுத்தவரை அந்தப் புலம்பலில் நான் சேர மாட்டேன். அந்த வரிதான் கோட்டையைக் காத்தது. ஊர் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகும் உரிமையையும் தந்தது.

அந்த வழி கிடைக்காத கோட்டை எப்படிப் போகும் என்பதற்கு அதே கரையில் அபர்கெலிக்கு அருகே இருக்கும் குரீக் கோட்டை சாட்சி. லாய்டு பாம்ஃபர்ட் ஹெஸ்கெத் தம் தாய்வழி முன்னோரின் நினைவாக 1819-இல் அடிக்கல் நாட்டியது, பென்ரினுக்குச் சமகாலம். அவருடைய பேத்தி வினிஃபிரட், டன்டொனால்ட் பிரபுவின் மனைவி, 1924-இல் இறக்கும்போது அதை அரச குடும்பத்துக்கு எழுதிவைத்தார், அவர்கள் ஏற்கவில்லை. கணவர் பின்னர் அதைத் திரும்ப வாங்கினார். உள்ளே இருந்த பொருள்களை விற்றுத்தான் அந்தச் செலவைச் சமாளித்தார். 1939 முதல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதப் பிள்ளைகள் இருநூறு பேரளவில் அங்கே தங்கினார்கள். குரீக்கின் வரலாற்றில் மிக உயர்ந்த ஆண்டுகள் அவைதான் என்பேன். போருக்குப் பின் அது கேளிக்கைத் தலமாயிற்று. குத்துச்சண்டை வீரர் ராண்டால்ஃப் டர்பின் அங்கே பயிற்சி எடுத்தார். 1980-களின் நடுவில் மூடியது. விற்பனையானது, கைமாறியது, யாரும் கவனிக்கவில்லை. கூரை ஈயத்தை உரித்தார்கள், தளப்பலகையைப் பெயர்த்தார்கள், கணப்படுப்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரை போன வீட்டில் மழை வேலையை முடித்தது. 1997-இல் உள்ளூர்ப் பள்ளி மாணவன் ஒருவன் தொடங்கிய பாதுகாப்பு அறக்கட்டளை இருபத்தோரு ஆண்டு போராடி 2018-இல் அதை வாங்கியது. இப்போது அறை அறையாக மீட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு கோட்டைகளையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது, பிரபுவின் கையிலிருந்து விலகிய பின் யாராவது உரிமையோடு ‘இது எங்களுடையது’ என்று சொன்னால்தான் இப்படிப்பட்ட வீடு நிற்கிறது என்பது. குரீக்கில் அதைச் சொல்ல ஒரு சிறுவன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்ரினில் சட்டப்படி 1951-இலேயே சொல்லியாகிவிட்டது. மனத்தளவில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பெத்தெஸ்டாவில் தாத்தா பாட்டியின் நினைவுக்காக இன்றும் கோட்டைக்குள் கால் வைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. திறந்த பேரேடு

டிரஸ்ட் பொறுப்பேற்ற பின் பல பத்தாண்டுகள் பார்வையாளருக்குக் காட்டியது கட்டிலையும் வண்ணக் கண்ணாடியையும் ஓவியங்களையும்தான். அடிமை வணிக ஒழிப்பின் இருநூறாம் ஆண்டான 2007-இல் சர்க்கரையையும் அடிமை முறையையும் பென்ரினோடு இணைத்துக் காட்டும் கண்காட்சி அங்கேயே நடந்தது. 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது; பென்ரின் அதில் முக்கிய இடம் பெற்றது. கடும் எதிர்ப்பு வந்தது. அறநிலைய ஆணையத்திடம் புகார் போனது. டிரஸ்ட் சட்டக் கடமையை மீறவில்லை என்று 2021-இல் ஆணையம் முடிவு சொன்னது. அதே 2021 ஜூலையில் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குவாரி, பெத்தெஸ்டா, துறைமுகம் என்று தொடரும் பகுதிக்குள் கோட்டையும் வருகிறது. தொழிலாளியின் வரலாறு முதன்மையாகவும் பிரபுவின் வீடு அதன் ஒரு பக்கமாகவும் நிற்கும் வரிசை இது. 1903-இல் இதை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

இன்றைய அறத்தை அன்றையவர் மேல் ஏற்றுகிறார்கள் என்பது எதிர்ப்பாளர் சொல்லும் முக்கியக் குற்றச்சாட்டு. அதை நேர்மையாக எடைபோட்டுப் பார்த்தேன். ஏற்க முடியவில்லை. 1789-இல் அதே அவையில், அதே நாளில், அடிமை வணிகம் பாவம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். ரிச்சர்ட் பென்னன்ட் அவர்களுக்குப் பதில் சொல்லித்தான் பேசினார். கேள்வி அன்றே இருந்தது.

கடைசியாக ஒரு கோரிக்கை. இழப்பீட்டு ஆவணத்தில் 764 என்பது எண் மட்டுமே. ஆனால் ஜமைக்காவில் 1817 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை அடிமைகளின் பதிவேடு எழுதினார்கள். பெயரும் வயதும், பிறந்தது ஆப்பிரிக்காவிலா தீவிலா என்பதும் அதில் உண்டு. லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. பென்ரின் பெருங்கூடத்தில் நுழைகிறவர் குடும்பத்தின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், கிளாரண்டன் தோட்டங்களில் இருந்தவர்களின் பெயர்களை வரிசையாகப் படிக்க வேண்டும். அவற்றைப் பொறிக்கப் பெத்தெஸ்டாவின் சிலேட்டைவிடப் பொருத்தமான கல் இல்லை. குவாரி இன்றும் வேலை செய்கிறது. என்ன எழுதுவது, எங்கே வைப்பது என்பதைப் பெத்தெஸ்டா மக்களும் கிளாரண்டன் மக்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.